சிவப்புத் துணிக்குக் கீழே

அத்தியாயம் 1

பூமிக்குச் சாமி வந்துவிட்டது என்றுதான் கோகுலராஜ் முதலில் சொன்னான். சொல்லிவிட்டுச் சிரிக்கவும் செய்தான். வாய் சும்மா இருக்காத ஆள். அன்று மாலை நான்கு மணிக்கு அந்தச் சிரிப்பை நினைத்து அவனுக்கே குலை நடுங்கப் போகிறது என்று அவனுக்கு எப்படித் தெரியும்?

ஹட்டன் பஜாரில் இரும்புக் கடைக்கு மேல் மாடியில் இருந்தது இந்திராதேவியின் துப்பறியும் அலுவலகம். இருபது வருடம் பொலிஸில் இருந்துவிட்டு, பெரிய இடத்துப் பிள்ளை ஒருவனைக் கைது செய்ததற்குப் பரிசாகக் கிடைத்த இடமாற்றக் கடிதத்தைத் தூக்கி எறிந்துவிட்டு வந்தவர். வயது ஐம்பத்திரண்டு. அதிகம் பேசமாட்டார். அவருக்கும் சேர்த்துக் கோகுலராஜ் பேசினான். அவன்தான் உதவியாளன், அவன்தான் சாரதி. கீழே நிற்கும் ஆட்டோவும் அவனுடையதுதான்.

எதிரில் உட்கார்ந்திருந்த பெண் தன் பெயர் வினோதா என்றாள். கண் சிவந்திருந்தது. லிந்துலைப் பக்கம் கல்லுமலைத் தோட்டத்தில் கொழும்புக் கம்பெனி ஒன்று ஆழமாகக் குழி துளைத்திருந்தது. பூமிக்கு அடியில் இருக்கும் சூட்டைக் கொண்டு மின்சாரம் எடுக்க முடியுமா என்று பார்க்கிறார்களாம். கம்பியில் கட்டிய வெப்பமானியைக் குழிக்குள் இறக்கித் தினமும் சூட்டைக் குறித்து வைப்பது அவள் கணவன் மதுரனின் வேலை. செவ்வாய்க்கிழமை முதல் மதுரனைக் காணவில்லை. இன்று வியாழன்.

"ஃபோன் ஓஃப்ல இருக்குங்க மெடம்," என்றாள். "நான் டிக்கோயாவுல அம்மா வீட்டுல இருக்கேன். அவரு வாரத்துக்கு ஒருக்கா வந்துட்டுப் போவாரு. போன வியாழக்கெழமைகூட ஒண்ணா உக்காந்துதான் சாப்பிட்டோம். கருவாட்டுக் கொழம்பு வச்சேன், ரெண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டாரு. அதுக்குப் பொறகு அவரு மொகத்தையே பாக்கல."

கைப்பையிலிருந்து ஒரு கொப்பியை எடுத்து மேசையில் வைத்தாள். தோட்டத்தில் மதுரன் தங்கியிருந்த காம்பராவில் கிடைத்ததாம். இந்திராதேவி பக்கங்களைப் புரட்டினார். ஒரு நாளுக்கு ஒரு வரி. திகதி, பக்கத்தில் டிகிரிக் கணக்கில் சூடு. நாற்பத்தொன்று, நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு, நாற்பத்தொன்று. போன வெள்ளிக்கிழமை மட்டும் பென்சிலால் பெரிதாகத் தொண்ணூற்றைந்து. சனிக்கிழமை பழையபடி நாற்பத்தொன்று.

கோகுலராஜ் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தான். "போன வெள்ளி கல்லுமலையில மாரியம்மன் தேரு மெடம். பூமிக்கும் சாமி வந்திருக்கு. நல்லா ஆடிட்டு மறுநாள் நல்ல புள்ளையா அடங்கிருச்சு."

இந்திராதேவி சிரிக்கவில்லை. "ஒண்ணு அன்னைக்கு மட்டும் சூடு ஏறியிருக்கணும். இல்லாட்டி அன்னைக்கு மட்டும் வேற யாரோ அளந்திருக்கணும். எதுன்னு கண்டுபிடிச்சா மதுரனும் கெடைப்பாரு. வண்டிய எடு."

தானும் வருகிறேன் என்று வினோதா அடம்பிடித்தாள். கட்டின புருஷனைத் தேடிப் போகும்போது வராதே என்று யார் சொல்வது? பின் சீட்டில் ஏறிக்கொண்டாள்.

தலவாக்கலை தாண்டியதும் மூடுபனி பாதையில் இறங்கிவிட்டது. பகல் ஒரு மணிக்கு விளக்குப் போட்டுக்கொண்டு ஓட்டினான் கோகுலராஜ். கல்லுமலைக்குத் திரும்பும் சந்தியில் ஒரு தேத்தண்ணிக் கடை. அதைத் தாண்டி ஒரு மைல் ஏறினால் குழி.

ஒரு சீமெந்து மேடை, நடுவில் இரும்புக் குழாய், பக்கத்தில் கம்பி சுற்றிய கைராட்டினம். தகரக் கொட்டிலில் தார்ப்பாய் போர்த்திய டீசல் இன்ஜின் ஒன்று. தூறல் விழுந்துகொண்டிருந்தது. ஆனாலும் மூன்று தோட்டத்து நாய்கள் மேடையோடு உடம்பை ஒட்டிக்கொண்டு சுகமாகத் தூங்கின. மழையில் இவ்வளவு நிம்மதியாகத் தூங்கும் நாயைக் கோகுலராஜ் அதுவரை பார்த்ததில்லை. அது அவனுக்கு என்னவோ பிடிக்கவில்லை.

மேடையிலிருந்து ஒரு தண்ணீர்க் கான் இறங்கி, பள்ளத்தில் இருந்த பணிய லயத்தின் பின்பக்கமாக ஓடியது. பதினெட்டு வீடுகள் ஒரே வரிசையில். பிள்ளைகள் சத்தம் மட்டும் பனிக்குள்ளிருந்து மேலே வந்தது.

வினோதா ஆட்டோவை விட்டு இறங்கவில்லை. அந்த ஆட்களின் முகத்தில் முழிக்கவே பிடிக்கவில்லையாம்.

பொறியியலாளர் கஜேந்திரன் கொழும்புக்காரர். மழுமழுவென்று சவரம் செய்த முகம், விலையுயர்ந்த ஜெக்கட். கதிரை போட்டு, பிஸ்கட் தட்டை நீட்டி உபசரித்தார். பின்னால் இரண்டு பேர் கைகட்டி நின்றார்கள். இருவருக்கும் கழுத்தே கிடையாது.

"மதுரனா? நல்ல பையன். வெளிநாடு போறதாச் சொல்லிக்கிட்டே இருந்தான். போயிருப்பான்."

"கட்டின சம்சாரத்துக்கிட்டகூட சொல்லாமலா?" என்றார் இந்திராதேவி.

கஜேந்திரன் ஒரு விநாடி ஆட்டோ நின்ற பக்கம் பார்த்தார். "அது அவங்க குடும்ப விஷயம்."

"வெள்ளிக்கெழமை தொண்ணூத்தஞ்சுன்னு ஒரு கணக்கு இருக்கே?"

கஜேந்திரன் வாய்விட்டுச் சிரித்தார். "அதுவா? தேருக்குப் போகணும்னு மதுரன் தோட்டத்து ஆள் யாரிட்டயோ வேலையைக் கொடுத்துட்டுப் போயிட்டான். யார்னுகூட எங்களுக்குத் தெரியாது. அவங்களுக்கு இதெல்லாம் என்ன புரியும்? கொழுந்து எடுக்கிறவங்களுக்கு மலைக்குத் தேத்தண்ணி வாளி வரும் பாருங்க, அதுக்குள்ள விட்டு அளந்து எழுதிட்டாங்க. நாங்க எங்க புத்தகத்துல அதை வெட்டிட்டோம்."

"நெஜமாவே அவ்வளவு சூடு இருந்தா?"

"அப்ப கீழ இருக்கிற பதினெட்டுக் குடும்பத்துக்கும் வேற இடத்துல வீடு கட்டிக் கொடுத்துட்டுத்தான் மேற்கொண்டு கைவைக்கலாம். ஒப்பந்தம் அப்படி. ரெண்டு வருஷம் போயிடும். நல்ல காலம், நாற்பத்தொண்ணுதான்." கொட்டிலைக் காட்டினார். "நாளைக்குக் காலைல ஒன்பது மணிக்குக் குழியில நிக்கிற தண்ணியை இறைக்கப் போறோம். இறைச்சாத்தான் அடியில எவ்வளவு ஊறுதுன்னு தெரியும். கான்ல வெதுவெதுப்பாப் போகும். பிள்ளைகள் குளிக்கட்டும்."

பிஸ்கட்டைத் தொடாமல் இந்திராதேவி எழுந்தார். கோகுலராஜ் இரண்டை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

ஆட்டோவுக்குப் போகும் ஒற்றையடிப் பாதையில் அவர் நின்றார். "கோகுல், நீ லயத்துல பொறந்தவன். அந்த ஆளு சொன்னதுல என்ன பிழை?"

கோகுலராஜ் இரண்டாவது பிஸ்கட்டை விழுங்கினான். "தேர் அன்னைக்குப் பெரட்டே கெடையாது மெடம். ஒரு ஆளும் வேலைக்குப் பேர் குடுக்கமாட்டாங்க. பெரட்டு இல்லாத நாள்ல மலைக்கு ஏது தேத்தண்ணி வாளி? கொழும்பு ஆளு, அது தெரியல. வாளி தெனமும் தானா நடந்து வருதுன்னு நெனச்சிட்டாரு."

"இன்னொன்னு இருக்கு. இந்த ஒசரத்துல தண்ணி தொண்ணூத்தஞ்சுலயே கொதிச்சிடும். லயத்துல இருந்து மலைக்குத் தூக்கிட்டு வர்ற தேத்தண்ணி கொதிச்சுக்கிட்டா வரும்?"

"நீங்க வேற. வாயில வச்சா ஐஸ் மாதிரி இருக்கும்."

"அப்ப அந்தச் சூடு குழியில இருந்ததுதான்." இந்திராதேவியின் குரல் தாழ்ந்தது. "அளந்த ஆளைப் புடிக்கணும். தோட்டமே தேர் இழுக்கிற நாள்ல, கோயிலுக்குப் போகாம இருந்தது யாரு?"

சந்தியிலிருந்த கடைக்காரருக்குத் தெரியாத விஷயம் அந்தத் தோட்டத்தில் இல்லை. வினோதாவை வண்டியிலேயே விட்டுவிட்டு இருவரும் உள்ளே போய் இஞ்சித் தேத்தண்ணி வாங்கினார்கள்.

"மதுரன் தம்பியா? தங்கமான புள்ளைங்க. காவடி எடுத்துச்சு. இருபத்தொரு நாள் வெரதம். மாலை போட்ட நாள்ல இருந்து என் கடையில பனிஸ்கூட வாங்கல, முட்டை போட்டிருக்கும்னு."

"எனக்கு இருபத்தொரு நிமிசமே கஷ்டம்," என்றான் கோகுலராஜ், பனிஸைக் கடித்தபடி.

இந்திராதேவி தன் கோப்பையை மெதுவாகக் கீழே வைத்தார். வெளியே ஆட்டோவைத் திரும்பிப் பார்த்தார். பிறகுதான் கேட்டார். "தேருக்கு வராதவங்கன்னு யாராச்சும் இருந்தாங்களா அண்ணே?"

"அப்புடி யாருங்க இருப்பா? நடக்கமுடியாத கெழடுகூடத் தூக்கிட்டு வரச் சொல்லி வந்துச்சு. ஆங், பணிய லயத்துல கடைசி வீட்டு மீனம்மா வரல. புருசனோட அண்ணன் கினிகத்தேனையில தவறிட்டாரு. புருசனும் காரியத்துக்கு அங்கதான் நிக்கிறான். தீட்டுக்காரி எப்புடிக் கோயிலுக்கு வர்றது? பதினாறு முடியிற வரைக்கும் எங்க ஆளுகளும் அந்த வீட்டு வாசல மிதிக்கமாட்டாங்க."

ஆட்டோவை லயத்துக்கு மேலே ரோட்டில் நிறுத்தினார்கள். படி வழுக்கும், நீங்கள் இங்கேயே இருங்கள் என்று இந்திராதேவி வினோதாவிடம் சொன்னார். அவள் தலையாட்டினாள்.

அரைவாசி இறங்கும்போது மேலே எங்கோ தடதடவென்று ஒரு சத்தம் ஆரம்பித்தது. ஃபாக்டரியில் கொழுந்து வாட்டுகிறார்கள் போலிருக்கிறது என்று கோகுலராஜ் நினைத்துக்கொண்டான். பனிக்குள் திசை தெரியவில்லை. கானை ஒட்டி வளர்ந்திருந்த புல் இரண்டு முழ அகலத்துக்கு மஞ்சளித்துக் கிடந்தது. ஒரு தவளைகூடக் கத்தவில்லை. கானுக்குள் ஏழெட்டுப் பிள்ளைகள் இடுப்பளவு துணியோடு விளையாடிக்கொண்டிருந்தன. குளிரில் பல்லடிக்க வேண்டிய பிள்ளைகள். ஒன்றும் நடுங்கக் காணோம்.

கடைசி வீட்டுக் கதவு பாதி சாத்தியிருந்தது. தட்டியதும் மீனம்மா வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். கொழுந்துக் கறை ஏறிய விரல்கள். நெற்றியில் ஒன்றும் இல்லை.

"தீட்டு வீடுங்க. உள்ள வராதீங்க."

"எனக்குச் சாவு வீடு புதுசில்லம்மா," என்று சொல்லிக்கொண்டே இந்திராதேவி உள்ளே நுழைந்துவிட்டார். கோகுலராஜ் சட்டைப் பையில் இருந்த திருநீற்றுப் பொட்டலத்தை ஒரு முறை தொட்டுப் பார்த்துவிட்டுப் பின்னால் போனான்.

"தேர் அன்னைக்குச் சூடு அளந்தது நீங்கதானே?"

மீனம்மா தலையாட்டினாள். பொய் சொல்லத் தெரியாத முகம். "அந்தத் தம்பி வாசலுக்கு வெளிய தள்ளி நின்னு கேட்டுச்சு. நான் சும்மாதானே இருக்கேன்னு போனேன். கம்பிய எறக்கி, பெட்டியில என்ன நம்பர் தெரியுதோ அதைக் கொப்பியில எழுதச் சொல்லிச்சு. எழுதினேன். அது குத்தமுங்களா?"

"குத்தமில்ல. கம்பிய எவ்வளவு தூரம் எறக்கினீங்க?"

"எவ்வளவுன்னா? இருந்த மட்டும் எறக்கினேன்." கேள்வியே அவளுக்கு வினோதமாகப் பட்டது. "நடுவுல ஒரு செவப்புத் துணி கட்டியிருந்துச்சு. அதுக்குப் பொறகும் ராட்டினத்துல கம்பி கெடந்துச்சு. மலையில நெரை புடிச்சா கடைசி மரம் வரைக்கும் எடுத்துட்டுத்தானே வரணும்? பாதியில எறங்கி வந்தா கங்காணி சும்மா விடுவாரா? அதான் தரை தட்டுற வரைக்கும் விட்டேன்."

கோகுலராஜுக்குக் கணக்குப் புரிந்துவிட்டது. சிவப்புத் துணி வரை நாற்பத்தொன்று. அதற்குக் கீழே தொண்ணூற்றைந்து. மதுரனைத் துணியோடு நிறுத்தச் சொல்லியிருக்கிறார்கள். முப்பது வருடம் கொழுந்தெடுத்த ஒருத்தி, வேலையைப் பாதியில் விடத் தெரியாததால் மட்டுமே உண்மையைத் தொட்டுவிட்டாள்.

"மதுரன் எங்க?" என்றார் இந்திராதேவி.

"எனக்கு எப்புடிங்க தெரியும்?"

இந்திராதேவி அடுப்படிப் பக்கம் கைகாட்டினார். அடுப்புக்கு மேலே கட்டிய கயிற்றில் ஓர் ஆண் சட்டை காய்ந்துகொண்டிருந்தது. வெள்ளைச் சட்டை. தோளிலும் முதுகிலும் திட்டுத் திட்டாக மஞ்சள். துவைத்தும் போகாத மஞ்சள்.

"தேருக்கு மறுநாள் கோயில்ல மஞ்சத் தண்ணி ஊத்தி வெளையாடுவாங்க. தீட்டு வீட்டு ஆளுக அந்தப் பக்கமே போகல. உங்க வீட்டுக்காரரும் கினிகத்தேனையில. அப்ப இது யாரு சட்டைம்மா?"

மீனம்மா கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"பயப்படாதீங்கக்கா," என்றான் கோகுலராஜ். "நாங்க அவர வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகத்தான் வந்தோம். அவரு சம்சாரம் மேல ஆட்டோவுல அழுதுக்கிட்டு இருக்கு."

அடுப்படித் தட்டிக்குப் பின்னாலிருந்து ஒரு இளைஞன் வெளியே வந்தான். கன்னத்தில் அலகு குத்திய புண் இன்னும் ஆறவில்லை. காலில் வீக்கம்.

"சம்சாரமா?" என்றான். "எனக்கு இன்னும் கல்யாணமே ஆகலைங்களே."

கோகுலராஜ் இந்திராதேவியைப் பார்த்தான். அவர் கண்ணை மூடித் திறந்தார்.

"கருவாட்டுக் கொழம்பு," என்றார். "போன வியாழன் தேருக்கு முதல் நாள். இருபத்தொரு நாள் வெரதத்துல இருக்கிறவரு ரெண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டாராம். கடையில வச்சே எனக்குப் புரிஞ்சிடுச்சு. இவர எங்களை வச்சுக் கண்டுபிடிக்கத்தான் அந்தப் பொண்ண அனுப்பியிருக்காங்க. யாரு அளந்தது, யாரு ஒளிச்சு வச்சிருக்கதுன்னு அவங்களுக்குத் தெரியல. எங்க மூலமாத் தெரிஞ்சுக்கப் பாத்திருக்காங்க."

"தெரிஞ்சுமா கூட்டிட்டு வந்தீங்க?" என்றான் கோகுலராஜ்.

"கண் பார்வையில இருந்தா நல்லதுன்னு நெனச்சேன். எம் பிழை அது." தன் பிழையை அவர் வாய்விட்டு ஒத்துக்கொண்டு கோகுலராஜ் கேட்டதேயில்லை. அதுதான் அவனை அதிகம் பயமுறுத்தியது. ஓடிப்போய் வாசலிலிருந்து மேலே பார்த்தான். பனி கொஞ்சம் விலகியிருந்தது. ஆட்டோ நின்றது. பின் சீட்டில் யாரும் இல்லை.

மதுரன் அவசர அவசரமாகச் சொன்னான். மீனம்மாவின் எண்ணைப் பார்த்துச் சந்தேகப்பட்டு, அவனும் கம்பியை முழுதாக இறக்கியிருக்கிறான். சனிக்கிழமை தொண்ணூற்றொன்பது. ஞாயிறு நூற்று எட்டு. திங்கள் நூற்றுப் பதினேழு. கொப்பியில் மட்டும் பயத்தில் பழைய நாற்பத்தொன்றையே எழுதியிருக்கிறான். திங்கள் பின்னேரம் கஜேந்திரனிடம் போய், லயத்து ஆட்களை வேறு இடத்துக்கு மாற்றிவிடுங்கள் என்று கெஞ்சியிருக்கிறான். செவ்வாய் காலையில் கழுத்தில்லாத அந்த இரண்டு பேரும் கொழும்புக்குப் போகலாம் என்று ஜீப்பில் ஏற்றினார்கள். ஜீப் கொழும்புப் பாதையில் போகவில்லை. வளைவில் குதித்துவிட்டான்.

"தீட்டு வீட்டுக்கு யாரும் வரமாட்டாங்கன்னு இங்க வந்தேங்க."

"நூத்துப் பதினேழுன்னா கொதிச்சு வெளிய வந்திருக்கணுமே?" என்றான் கோகுலராஜ்.

"குக்கர் மாதிரி," என்றார் இந்திராதேவி. "மேல நிக்கிற தண்ணிப் பாரம் அடியில இருக்கிறத அமுக்கி வச்சிருக்கு. அதை இறைச்சா மூடியத் தொறந்த மாதிரி. அவ்வளவும் ஆவியும் கொதிதண்ணியுமா மேல வரும். வந்து எங்க ஓடும்?"

எல்லோரும் ஒரே நேரத்தில் பின்வாசலைப் பார்த்தார்கள். கானில் பிள்ளைகள் சிரிக்கும் சத்தம்.

"ஒரு வாரமா வெதுவெதுன்னு வருதுங்க," என்றாள் மீனம்மா. குரல் உடைந்தது. "குளுருக்கு எதமா இருக்குன்னு பள்ளிக்கூடம் விட்டதும் அதுலயேதான் கெடக்குதுக."

"நாளைக்கு ஒம்பது மணிக்குத்தான் இறைக்கிறாங்க. டைம் இருக்கு," என்றார் இந்திராதேவி.

கோகுலராஜ் வாசலிலேயே நின்றான். அந்தத் தடதட சத்தம் நிற்காமல் கேட்டுக்கொண்டிருந்தது. "அக்கா, இந்த ஃபாக்டரி எந்தப் பக்கம்?"

"எந்த ஃபாக்டரி? எங்க ஃபாக்டரி மூடி ரெண்டு வருசம் ஆச்சு. கொழுந்து லொறியிலதான் லிந்துலைக்குப் போகுது."

"அப்ப அது என்ன சத்தம்?"

மதுரனின் முகம் வெளிறிவிட்டது. "எங்க இன்ஜின்," என்றான்.

தொண்ணூற்றைந்தைப் பற்றி இந்திராதேவி கேட்ட கேள்விதான் கஜேந்திரனை அவசரப்படுத்தியிருக்கிறது. யாரும் தடுப்பதற்குள் இறைத்துவிட்டால், சூடு இப்போதுதான் தெரிந்தது என்று கையை விரித்துவிடலாம். அவர்கள் துப்புத் தேடிப் படியிறங்கிய நேரம் முழுக்க அந்த இன்ஜின் ஓடியிருக்கிறது. துப்புத் துலக்கியதில் கோகுலராஜுக்கு ஒரு சொட்டுப் பெருமையும் மிஞ்சவில்லை.

"மீனம்மா, லயத்தைக் காலி பண்ணுங்க. ஒரு ஆளு இருக்கக் கூடாது. எல்லாரும் மேட்டு லயத்துக்கு. கோகுல், நீயும் மதுரனும் என்கூட வாங்க."

மீனம்மா ஒரு கணம் வாசற்படியில் தயங்கினாள். பதினாறு நாள் முடியாமல் இன்னொருவர் வாசலை மிதிப்பதா என்ற தயக்கம் அது. பிறகு படியைத் தாண்டினாள். முதலில் கானுக்குள் இறங்கி இரண்டு பிள்ளைகளைக் கையைப் பிடித்து இழுத்து மேலே போட்டாள். அப்புறம் வரிசையாகக் கதவுகளை உள்ளங்கையால் அடித்துக்கொண்டு ஓடினாள். தீட்டுக்காரி கதவைத் தொட்டுவிட்டாள் என்று ஒருத்தி ஏச வாயெடுத்தாள். மீனம்மாவின் முகத்தைப் பார்த்ததும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள்.

ரோட்டில் நாற்பது பெண்கள் முதுகில் கூடையோடு கொழுந்து நிறுக்கப் போய்க்கொண்டிருந்தார்கள். நிறுக்கும் இடம் குழிக்குப் பக்கத்தில்தான். இந்திராதேவி இரண்டு வாக்கியத்தில் விஷயத்தைச் சொன்னார். அவர்களில் பாதிப் பேருக்குப் பணிய லயத்தில்தான் வீடு. சில பேர் கூடையைப் போட்டுவிட்டுப் பிள்ளைகளைத் தேடி ஓடினார்கள். மற்றவர்கள் மதுரனை நடுவில் விட்டுக்கொண்டு நடந்தார்கள். வேகமாக நடந்தார்கள்.

மேடையடியில் கஜேந்திரன் நின்றார். பக்கத்தில் ஜீப். ஜீப்பில் சாய்ந்தபடி வினோதா. அவளுடைய கண் இப்போது சிவந்திருக்கவில்லை.

"கருவாட்டுக் கொழம்புக்கு ரொம்ப நன்றிங்க," என்றான் கோகுலராஜ். "அதுல உப்புக் கொஞ்சம் கூடிப்போச்சு."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"தள்ளிப் போங்க," என்றார் கஜேந்திரன். "ஆபத்தான இடம் இது. கொஞ்சம் சுடுதண்ணி வரும், அவ்வளவுதான். கான்ல போயிடும்."

"கான்ல யாரு இருக்கான்னு தெரியுமா உங்களுக்கு?" என்றார் இந்திராதேவி.

கஜேந்திரன் கான் பக்கம் பார்க்காமல் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவருக்குத் தெரியும். கோகுலராஜுக்கு அந்த மழுமழு முகத்தில் ஒன்று வைக்க வேண்டும் போலிருந்தது. கழுத்தில்லாதவர்கள் இருவரும் ஓர் அடி முன்னால் வந்தார்கள். பெண்கள் நிற்கவில்லை. கூடையும் இடுப்பில் கட்டிய படங்குச் சாக்குமாக, கவ்வாத்துக் கத்தி பிடித்துப் பழகிய கைகளுமாக அவர்கள் நடந்து வந்த வேகத்தில், இருவரும் வந்த அடியையே பின்னால் வைத்தார்கள். அந்த இடைவெளியில் மதுரன் நொண்டிக்கொண்டே கொட்டிலுக்குள் பாய்ந்தான்.

நாய்களை அப்போதுதான் கோகுலராஜ் கவனித்தான். மேடையில் ஒன்றும் இல்லை. மூன்றும் தூரத்து மேட்டில் வாலைக் காலுக்குள் சுருட்டிக்கொண்டு நின்றன. குரைக்கவில்லை. குழாயையே பார்த்துக்கொண்டிருந்தன.

மேட்டு லயப் பாதையிலிருந்து மீனம்மாவின் குரல் வந்தது. இடுப்பில் ஒரு பிள்ளை, கையில் ஒரு பிள்ளை. "பதினெட்டு வீடும் ஏறியாச்சுங்க. ஒருத்தரும் கீழ இல்ல."

இந்திராதேவி அன்று முதல் தடவையாக மூச்சை விட்டார். கொட்டிலுக்குள் மதுரன் இரும்புக் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தான். இன்ஜின் இரண்டு முறை இருமியது. மூன்றாவது இருமலில் நின்றுவிட்டது.

சத்தம் நிற்கவில்லை. அது குழாய்க்குள்ளிருந்து வந்துகொண்டிருந்தது.